எனக்கு வர வேண்டிய வாதம்

எங்கள் வீட்டில் பக்கவாதம் ஆண்பிள்ளைகளின் சொத்து. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். பெரியப்பா காப்பிக் கடையில் கிளாஸைத் தூக்கியவர், அதை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே சாய்ந்தார். அப்பா சிராங்கூன் சாலைத் தையல் கடையில் ஒருவருக்குக் கால்சட்டை அளவு எடுக்கக் குனிந்தவர், நிமிரவில்லை. விழுந்தபோது மூவரில் ஒருவருக்கும் ஐம்பது ஆகியிருக்கவில்லை. அடுத்தது நான்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மீசை ஒழுங்காக முளைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயில் வாசலில் நிற்கிற பெரியவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். "தம்பி நல்லாருக்கியாப்பா?" என்று கேட்பார்கள். கேட்கிற தோரணையில் 'இன்னும் விழலையா?' என்ற ஆச்சரியமும் கொஞ்சம் கலந்திருக்கும். நான் வேண்டுமென்றே படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்குவேன். அம்மா பின்னாலிருந்து அலறுவாள்.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்த டாக்டர், இனிமேல் வீட்டில் எல்லாரும் உப்பைக் குறைக்க வேண்டும் என்றாராம். அம்மா அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். எல்லாரும் என்றால் அம்மாவுக்கு ஆண்பிள்ளைகள். ஆண்பிள்ளைகளில் மிச்சம் இருந்தது நான் ஒருவன். மறுநாளிலிருந்து அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது. சின்னச் சட்டி எனக்கு, உப்பில்லாமல். பெரிய சட்டி பெண்களுக்கு, எல்லாம் போட்டு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சோயா கிச்சாப் பாட்டில், அக்கா சனிக்கிழமைகளில் தேக்கா சந்தையில் வாங்கி வரும் இக்கான் பிலிஸ் நெத்திலி எல்லாம் என் கை எட்டாத அலமாரிக்குப் போயின. அம்மாவும் அக்காவும் அவற்றை என் பங்கையும் சேர்த்துத் தின்று தீர்த்தார்கள்.

அக்கா எனக்கு நான்கைந்து வயது மூத்தவள். நகரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் இங்கிலீஷிலும் மலாயிலும் தேனொழுகப் பேசிவிட்டு, அங்கே சொல்ல முடியாததையெல்லாம் வீட்டுக்கு வந்து தமிழில் எங்களிடம் கொட்டுவாள். சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் தினமும் ஒரே சண்டை. நான் உப்பில்லாத குழம்பை வாயில் வைத்து முகத்தைச் சுளிப்பேன்.

"இத மனுஷன் திம்பானா?"

"செத்தவன் திங்க மாட்டான். இருக்கிறவன் திம்பான்," என்பாள் அக்கா, தன் தட்டில் கருவாட்டை உதிர்த்துக்கொண்டே.

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் அந்தப் பதில் வராத நாள் சாப்பாடு இறங்காது. இது சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் மாடி வீட்டில் தொடங்கி, நாங்கள் தோ பாயோவுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்து மாறின பிறகும் வருஷக்கணக்காக நடந்தது.

எனக்குப் பெண் கேட்டுப் போன இடங்களில் காப்பி நன்றாகத்தான் கொடுத்தார்கள். பிறகு யாராவது ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பியோட அப்பா எதுல போனாரு?" என்று கேட்பார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "வாதம்," என்பாள். "அவரோட அப்பா?" "அதேதான்." "அவரோட அண்ணன்?" அம்மா காப்பியைக் குடிக்க ஆரம்பித்துவிடுவாள். இரண்டாவது தடவை எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. பூன் லேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கை நிறையச் சம்பளம் என்று சொல்ல முடியாவிட்டாலும் கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் விழப்போகிற சுவரில் யார் ஆணி அடிப்பார்கள்?

அக்காவைப் பெண் கேட்டு வந்த அத்தான் வீட்டார் இந்தக் கேள்வியை வாயில் எடுக்கவே இல்லை. அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தான். மூக்கைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கட்டிக்கொடுக்கிற பெண் பிறந்த வீட்டு நோயையும் சீரோடு சேர்த்து எடுத்துப்போவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. தாலி ஏறியதும் அவள் வேறு வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். வேறு வீடு என்பது எங்கள் புளோக்கிலேயே இரண்டு மாடி கீழே. அத்தான் பஸ் டிப்போவில் மெக்கானிக். பேச்சு குறைவு. அக்கா மூச்சு வாங்குகிற இடங்களில் தலையாட்டினால் போதும் என்பது அவருடைய இல்லறம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அக்காவின் கண்காணிப்பு முழுவதும் என் மேலேயே தொடர்ந்தது.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு நர்ஸ் இருந்தார். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அக்கா பிரஷர் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஒரு மெஷினும் வாங்கினாள். கையில் சுற்றுகிற பட்டை, அமுக்குகிற ரப்பர் உருண்டை, முள் ஆடுகிற வட்டம், காதில் மாட்ட ஸ்டெதஸ்கோப். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எனக்குப் பிரஷர் பார்த்த பிறகுதான் இலை போடுவார்கள். அக்கா கன்னியாஸ்திரி போல முகத்தை வைத்துக்கொண்டு உருண்டையை அமுக்குவாள். அம்மா ஜெபமாலையோடு பக்கத்தில் நிற்பாள். அக்கா எண்ணைச் சொல்வாள். சரியாக இருக்கிறது என்றதும் அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகு பெண்கள் இருவரும் உட்கார்ந்து உப்பும் காரமுமான சம்பால் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

அந்தப் பட்டையை அக்கா தன் கையில் சுற்றி யாரும் பார்த்ததில்லை. குடை விற்கிறவன் வெயிலில் நிற்பதைப் போலத்தான். எங்கள் யாருக்கும் அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில், அக்காவுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்த சமயம், அவளுக்கு அடிக்கடி தலை வலித்தது. படி ஏறினால் களைத்துப்போனாள். எங்கள் புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. அவள் வீட்டுக்கு ஒரு மாடி நடந்துதான் இறங்க வேண்டும். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் நடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் ஆபீஸில் கை மரத்துப்போய் கொஞ்ச நேரம் பேச்சே குழறியது என்றாள். அம்மா நெற்றியில் தைலம் தேய்த்து, "இந்த வயசுல பொம்பளைக்கு இதெல்லாம் வர்றதுதான்டி," என்றாள். அத்தான் லீவு போடச் சொன்னார். நான், "வாய்க்கு ரெஸ்ட் குடு, எல்லாம் சரியாயிரும்," என்றேன். எனக்கு ஒரு தும்மல் வந்தால் ஊரைக் கூட்டுகிற குடும்பம், அவளுக்குக் கை மரத்துப்போனதைத் தைலத்தோடு முடித்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அக்காதான் வாசகம் வாசித்தாள். ஒரே வரியை இரண்டு முறை வாசித்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அப்போஸ்தலர் ஒரு தரம்தான எழுதியிருக்காரு, நீ ஏன் ரெண்டு தரம் படிச்ச?" வழக்கமாக இதற்கு என் காது கிழிந்திருக்கும். அன்றைக்கு அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "கைய நீட்டுடா," என்று மட்டும் சொன்னாள்.

பட்டையைச் சுற்றினாள். உருண்டையை அமுக்கினாள். என் கை இறுகியது. முள் மேலே ஏறியது. அப்புறம் உருண்டை அவள் கையிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது.

"எவ்வளவுக்கா?"

"நூத்தி…" என்றாள். கொஞ்சம் யோசித்து, "பஸ்," என்றாள்.

"நூத்தி பஸ்ஸா? அத்தான் டிப்போவுலகூட அவ்வளவு இருக்காது லா!" என்று நான் சிரித்தேன். அத்தானும் சிரித்தார்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டை என் கையில் இருந்தது. அக்காவின் முகம் சரியில்லை. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"சேசு மரி சூசையே! எம் பிள்ளைக்கு வந்துருச்சே!"

இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள் இல்லையா, ஒரே பாய்ச்சலில் வந்து என்னை சோபாவில் தள்ளினாள். என் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தாள். சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். தீர்த்தத் தண்ணீர் என் கண்ணுக்குள் போயிற்று. நான் திமிறத் திமிற, அது இழுப்பு என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினாள்.

அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. வலது கை யாருடையதோ போல மடியில் கிடந்தது. அப்படியும் அவள் கண் என் மேல்தான் இருந்தது. அத்தனை கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தது நான்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கில்லம்மா! அக்காவுக்கு! அக்காவப் பாரு!"

"பேசாத ராசா, பேசாத," என்று அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அத்தான் போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் பழக்க தோஷத்தில் 'மச்சினன்' என்றே சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் தூக்குப் படுக்கையை நேரே என் பக்கம் கொண்டுவந்தார்கள். நான் பட்டை தொங்குகிற கையாலேயே அக்காவைக் காட்டி, அம்மா பொத்திய கைக்குள்ளிருந்தே கத்தின கத்தலில்தான் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா அப்போதுதான் என் வாயிலிருந்து கையை எடுத்து, தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா இருந்தார். அக்காவைவிட வயதில் சின்னவர், பேச்சில் அக்காவுக்குச் சளைத்தவர் இல்லை. அத்தானைப் பார்த்து, "ஃபேமிலியில யாருக்காவது முன்னாடி ஸ்ட்ரோக் வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றார் அத்தான், சற்றுப் பெருமையாகவே. "எங்க வீட்டுல யாருக்கும் சர்க்கரைகூடக் கிடையாது. எங்க அப்பா கடைசி வரைக்கும் சைக்கிள்தான் ஓட்டுனாரு."

டாக்டர் அதை எழுதப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க அப்பா சைக்கிளா அத்தான் எங்க அக்காவுக்குள்ள ஓடுது?" என்று கத்திவிட்டேன். பிறகு டாக்டரிடம் தாத்தா, பெரியப்பா, அப்பா என்று வரிசையாகச் சொன்னேன்.

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத முதல்லயே சொல்ல வேணாமா?"

"அது எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு வர்றதும்மா," என்றாள் அம்மா. "இவ கட்டிக்கொடுத்த பொண்ணு."

"கட்டிக்கொடுக்கும்போது ரத்தத்த மாத்தியா அனுப்புனீங்க?"

டாக்டர் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். பிரஷர் குடும்பத்தில் ஓடுகிற சமாசாரம், அது மகன் மகள் பார்ப்பதில்லை என்றார். "ஆம்பளைங்களுக்கு கொஞ்சம் முன்னாடி வரும், அதனால நம்ம கண்ணுல படும். பொம்பளைங்களுக்கு மென்சஸ் நிக்கிற வயசுல மளமளன்னு ஏறும். தலைவலி, களைப்புன்னு சொல்வாங்க. யாரும் கண்டுக்க மாட்டாங்க, அவங்களும் கண்டுக்க மாட்டாங்க. அதான் இங்க லேட்டா வர்றாங்க." பிறகு அம்மாவிடம், "உங்க வீட்டுக்காரரோட கூடப் பிறந்த பொம்பளைங்க யாராச்சும்?" என்று கேட்டார்.

"ஒரு நாத்தனா இருந்தா, ஈப்போவுல. அவளுக்கு வாதமெல்லாம் இல்லம்மா. துணி காயப்போட்டுட்டு இருந்தா. தலை வலிக்குதுன்னு உக்காந்தா. அப்படியே…"

அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த அத்தையை நாங்கள் எப்போதும் தலைவலியில் போனவள் என்றே சொல்லிவந்தோம். அவளை வாதத்தில் போனவர்கள் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றியதில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எங்கள் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். எனக்குச் சரியாக இருந்தது. அக்கா அளவுக்கே உப்புத் தின்ற அம்மாவுக்கும் சரியாக இருந்தது. அவள் வேறு ரத்தம். அக்காவுக்கு இருந்த எண்ணைப் போல நான் எங்கள் வீட்டு மெஷினில் அதுவரை கேட்டதில்லை. "இவருக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார். அம்மா சின்னச் சட்டியைப் பற்றிச் சொன்னாள். "அத பெரிய சட்டியா வச்சிருக்கலாமே," என்றார் டாக்டர்.

கால் வரும் என்றார். கை கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார். பேச்சைப் பற்றி மட்டும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பெண்களுக்குப் பேச்சு நன்றாகத் திரும்பும் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள், வேறு சிலர் அப்படியெல்லாம் இல்லை என்கிறார்கள், பார்க்கலாம் என்றார்.

"எங்க வீட்டுக்காரிக்குத் திரும்பலைன்னா, உலகத்துல எந்தப் பொம்பளைக்கும் திரும்பாது டாக்டர்," என்றார் அத்தான். அவர் என் முன்னால் அத்தனை நீளமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டுச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் எங்கள் பங்கில் செய்தி பரவிவிட்டது. அந்த வீட்டில் வாதம் வந்துவிட்டது என்றுதான் பரவியது. யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மறுநாள் சாயங்காலம் நான் இடுப்பில் சாரோங்கோடு கதவைத் திறந்தால், பங்குச் சாமியார் நோயில் பூசுகிற எண்ணெயோடு நிற்கிறார். பின்னால் மாதா சபைப் பெண்கள்.

"நீ ஏம்ப்பா எழுந்து வந்த?" என்று பதறினார் சாமியார்.

"சாமி, எனக்கு இல்ல. அக்காவுக்கு."

"சரி சரி, மொதல்ல உக்காரு."

மாதா சபையில் மூத்தவர் ஒருவர் என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு அழுதார். விரலை அசைக்கச் சொன்னார். அசைத்தேன். "மாதா செஞ்ச புதுமை," என்றார். விஷயம் புரிந்ததும் அவர்கள் முகத்தில் வருத்தத்தோடு சின்ன ஏமாற்றமும் தெரிந்ததாக எனக்குப் பட்டது. சாமியார் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பெண்கள் கொண்டுவந்த கோழி சூப்பை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடமே கொடுத்தார்கள். அதில் உப்பு இருந்தது. துக்கத்தோடுதான் குடித்தேன், ஆனால் முழுவதும் குடித்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். பஸ். தண்ணீர் வேண்டும் என்றாலும் பஸ், ஜன்னலைச் சாத்து என்றாலும் பஸ், போய்த்தொலை என்றாலும் பஸ். நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதிலும் உள்ளே தயாராக இருந்தது. கண்ணைப் பார்த்தால் தெரியும். வாயைத் திறந்தால் பஸ் வந்து நிற்கும். "எல்லாத்தையும் மறந்தாலும் என் வேலைய மறக்கல பாரு," என்று அத்தான் அவள் தலையைத் தடவுவார். ஆபீஸில் அவள் நாற்காலியில் தற்காலிகமாக வேறு ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று அத்தானும் நானும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

பெரியப்பா விழுந்து எழுந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. சாய்வு நாற்காலியில் ராஜா போலக் கிடப்பார். பக்கத்தில் ஒரு மணி. அடித்தால் மூன்று பெண்கள் ஓடிவருவார்கள். ஒரு ஸ்பூனைக்கூட அவர் தூக்க விட்டதில்லை. ஆகவே கடைசி வரைக்கும் அவரால் ஸ்பூனைத் தூக்க முடியவில்லை. அக்காவுக்கு நேர் எதிர். வந்து பத்து நாள் ஆகவில்லை, ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றாள். "கை ஓடினாதான் சரியாவும்," என்றாள் அம்மா. பார்க்க வந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். அதோடு, "பாவம் உங்க அத்தான், சாப்பாட்டுக்கு என்ன செய்யறாரு?" என்று என்னிடம் கேட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் குடித்துக்கொண்டிருந்த காப்பிக் கோப்பைகளையே பிடுங்கினேன். "அத்தானுக்குக் கை இருக்கு, எனக்கும் கை இருக்கு. ரெண்டும் ஓடுது," என்றேன். கோபத்தில் சொன்னது வாக்குறுதி ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்து நான் சமைத்தேன். சின்னச் சட்டியை எடுத்துப் பரணில் போட்டேன். பெரிய சட்டியில், எல்லாருக்கும், உப்பில்லாமல்.

அதுவரை நான் அடுப்பைப் பற்ற வைத்தது சிகரெட்டுக்கு மட்டும்தான். அந்தப் பழக்கத்தையும் டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். கெட்ட பழக்கம் கிடையாது என்று மேலே எழுதியது பெண் வீட்டாருக்குச் சொன்ன கணக்கு. என் முதல் சாம்பாரைப் பார்த்து அம்மா, "இதுக்கு அவ பாத்திரமே தேச்சிருக்கலாம்," என்றாள். அத்தான் வாயைத் திறக்காமல் விழுங்கினார். அக்கா ஒவ்வொரு வாய்க்கும் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "பஸ்," என்றாள். அது என்ன பஸ் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். அக்கா கேட்பதற்கு முன்னால் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள், வார்த்தையைத் தேட விடுங்கள். அம்மாவால் இது முடியவே முடியாது. அக்கா கண்ணைத் திருப்பினாலே தண்ணீர், விசிறி, தைலம் எல்லாம் வந்து நிற்கும். மகளைக் கவனிக்காமல் விட்டதை மொத்தமாக ஈடுகட்டுகிற வேகம். "அம்மா, அவ பேசணும்மா," என்று நான் மன்றாடுவேன். "அவ கஷ்டப்படுறத பாத்துட்டு எப்படிடா சும்மா இருக்கிறது?" என்று அம்மா அழுவாள். இருவருக்கும் இடையில் அக்கா எரிச்சலோடு பஸ் பஸ் என்பாள்.

மாதங்கள் போயின. கால் தேறியது. லிஃப்ட்டிலிருந்து இறங்கி அந்த ஒரு மாடியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வலது கையால் கோப்பையைப் பிடித்தாள். ஆம், வேணாம், சேசுவே என்று சில சொற்கள் வந்தன. பூசையில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது வரி வரியாக வரும். தனியாக ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல் என்றால் வராது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் நடந்தாள், சிரித்தாள், எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் என்னைத் திட்ட ஆள் இல்லை. இனி இவ்வளவுதானா என்று பஸ்ஸில் பூன் லே வரைக்கும் யோசித்துக்கொண்டே போவேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் அவளைச் சீண்டுவது. அவள் முன்னால் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசினேன். அவள் கல்யாணத்தில் பிரியாணியில் கறியே இல்லை என்றேன். அப்பாவுக்கு என் மேல்தான் பிரியம் அதிகம் என்றேன். வாசகம் இப்போது வாசிக்கிற பெண் உன்னைவிட நன்றாக வாசிக்கிறாள் என்றேன். அக்காவின் முகம் சிவக்கும், உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பஸ்ஸும் வராது. கடைசியில் இடது கையால் எதையாவது எடுத்து எறிவாள். குறி தவறாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டை மட்டும் நிற்கவில்லை. ஸ்டெதஸ்கோப் இப்போது என் காதில். முதல் கை அக்காவுடையது, பிறகு அம்மா, பிறகு அத்தான், கடைசியில் என் கை. அக்காவின் எண் இறங்கிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் பார்த்து முடித்துவிட்டு நான் சோறு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. கொஞ்சம் நன்றாக வந்துவிட்டது என்ற நினைப்பு வேறு எனக்கு.

அக்கா வலது கையாலேயே பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் டம்ளரை நோக்கிக் கையை நீட்டினாள். அத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத…" என்றாள் அக்கா.

அத்தான் அம்மாவின் கையை விடவில்லை.

"இத… மனுஷன்…" உதடு அடுத்த சொல்லைத் தேடி அலைந்தது. பஸ் வந்துவிடுமோ என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "…திம்பானா?"

இத்தனை வருஷம் நான் சொன்ன வரி. அவள் மேல் நான் எறிந்ததை எடுத்து வைத்திருந்து, சமயம் பார்த்து என் மேலேயே எறிந்துவிட்டாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அக்கா புருவத்தை உயர்த்திக்கொண்டு, பதில் எங்கேடா என்று காத்திருந்தாள். அவள் பதில்தான், எனக்கு மனப்பாடம். ஆனால் செத்தவனைப் பற்றிய அதன் முதல் பாதியை என்னால் சொல்ல முடியவில்லை.

"இருக்கிறவ திம்பா," என்றேன்.

அக்கா தட்டை என் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.